கியூபா அண்ணாச்சியின் மூணும் ரெண்டும்

கியூபா பக்கமே போகாமல், கியூபாக்காரர்களைவிடப் பெரிய கியூபாக்காரராக வாழ்ந்த ஆள் இந்த உலகத்தில் ஒருத்தர்தான். அவரும் தூத்துக்குடிக்காரர். துபாய் கராமாவில் நாங்கள் தங்கியிருந்த ரூமில், என் தலைக்கு மேல் கட்டிலில் படுத்திருந்தார்.

கியூபா அண்ணாச்சி என்றுதான் ரூமில் கூப்பிடுவோம். இரண்டாயிரத்துச் சொச்சத்தில் ஒரு ஹோட்டல் லவுஞ்சில் பியானோ வாசித்துக்கொண்டிருந்தார். இளவயதில் சர்ச்சில் ஆர்கன். பிறகு பயணிகள் கப்பலில் வேலை. அங்கே ஒரு கியூபாக்காரர் லத்தீன் ஜாஸைச் சொல்லிக்கொடுக்க, அன்றோடு மனிதருக்குப் பித்துப் பிடித்தது. மஸ்கட், பஹ்ரைன், துபாய் என்று ஹோட்டல் ஹோட்டலாக அதையே வாசித்தார்.

ரூமில் பியானோ ஏது? இஸ்திரிப் பலகையின் துணிமேல் மார்க்கரால் கட்டைகளை வரைந்து வைத்துக்கொண்டு சாதகம் செய்வார். சத்தமே வராது. ஆனால் திடீரென்று நிறுத்தி, "ச்சே, சுருதி சேரலியேல!" என்று என்னை முறைப்பார். ஒருநாள் அவசரத்தில் அதன்மேலேயே வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு ஆபீஸ் போய்விட்டேன். முதுகு பூராவும் கறுப்புக் கட்டைகள். எங்கள் பாகிஸ்தானி சூப்பர்வைசர் முதுகில் விரலால் தட்டித் தட்டி, "பஜாவோ பாய், பஜாவோ!" என்று, வாசிக்கச் சொல்லியே சாயங்காலம் வரை என் மானத்தை வாங்கினார்.

வெள்ளிக்கிழமை அவர் ஆக்கும் பிரியாணிதான் இன்னும் பெரிய கொடுமை. அண்ணாச்சியின் சங்கீதம் முழுக்க ஒரே தாளத்தின் மேல் நிற்கிறது. முதலில் மூன்று தட்டு, பிறகு இரண்டு தட்டு. அதைக் கைதட்டிக் காட்டினால்தான் தட்டில் சோறு விழும். கிரேன் ஓட்டும் முத்துப்பாண்டி மட்டும் வாராவாரம் இரண்டில் ஆரம்பித்து மூன்றில் முடிப்பான்.

"ஏல கோட்டிக்காரப் பயல! மூணுதாம்ல மொதல்ல! வாசப்படியக் கொண்டுபோய்க் கூரையில வைப்பியால?"

"பசிக்குதுண்ணாச்சி. எப்பிடித் தட்டுனா என்ன, மொத்தம் அஞ்சுதானே?"

அவ்வளவுதான். முத்துப்பாண்டிக்கு லெக் பீஸ் மாஃபி, கிடையவே கிடையாது!

விளையாட்டில்லை. பஹ்ரைனில் ஒரு பெரிய மனிதர் குஷியில் மாற்றித் தட்டினார் என்று, பாதிப் பாட்டில் பியானோவை மூடிவிட்டு எழுந்து போனவர் இவர். அந்த வேலையும் அன்றோடு போயிற்று.

துபாய் ஹோட்டலுக்குப் புது மேனேஜர் வந்தார். லவுஞ்ச் காற்றாடுகிறது, வியாழக்கிழமை சாயங்காலம் நானே வந்து உட்காருவேன், அன்றும் கூட்டமில்லை என்றால் கலாஸ் என்றுவிட்டார். விசா கேன்சல், ஊருக்கு டிக்கெட். அண்ணாச்சி பலகையைத் தொடவே இல்லை.

"ஊர்ல போயி இத யாருக்குல வாசிப்பேன்?" என்றார். எங்களுக்குத் தாங்கவில்லை.

வியாழக்கிழமை ரூமே கிளம்பியது. இரவல் கோட்டு, கமகமவென்று அத்தர், கையில் லெமன் ஜூஸ். பக்கத்து ரூம் மலையாளிகளையும் இழுத்துப் போய் நாற்காலிகளை நிரப்பினோம். நேரம் பார்த்து, அவரோடு டிரம் அடிப்பவன் காய்ச்சலில் படுத்துவிட்டான். அண்ணாச்சி தனியாக ஆரம்பித்தார். தாளமில்லாமல் பாட்டு நொண்டியது. மேனேஜர் கொட்டாவி விட்டார்.

பொறுக்கமாட்டாமல் முத்துப்பாண்டி ஸ்பூனை எடுத்துக் கண்ணாடி டம்ளரில் தட்டத் தொடங்கினான். கூடவே நாங்களும் தட்டினோம். இரண்டு, பிறகு மூன்று. அட நாசமாப் போறவனே! அவனைப் பார்த்து ரூம் மொத்தமும் தலைகீழாகத் தட்டிக்கொண்டிருந்தது.

அண்ணாச்சியின் கை நின்றது. பியானோ மூடியின் மேல் போனது. எங்களைப் பார்த்தார். போச்சு, பஹ்ரைன் கதைதான் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

மூடி விழவில்லை. பாட்டையே அப்படியே புரட்டிப் போட்டு, எங்கள் தப்புக்குத் தோதாக வாசிக்க ஆரம்பித்தார் மனுஷன்! லாபியில் நின்றவர்கள் எல்லாம் உள்ளே எட்டிப் பார்த்தார்கள், பிறகு உட்கார்ந்தார்கள். ஒரு பிலிப்பினோ ஜோடி எழுந்து ஆடியது. மேனேஜரின் ஷூவும் தரையில் தட்டியது, இரண்டு, மூன்று. போகும்போது, "இனிமேலும் நீங்களே வாசியுங்கள்" என்று கைகுலுக்கிவிட்டுப் போனார்.

பஸ் ஸ்டாப்பில் முத்துப்பாண்டி தலையைச் சொறிந்தான். "அண்ணாச்சி, இன்னிக்கும் மாத்தித் தட்டிப்புட்டேனோ?"

அண்ணாச்சி அவன் தோளில் கையைப் போட்டார்.

"நீ சரியாத்தாம்ல தட்டுன. பாட்டுதான் தப்பா இருந்துச்சு. நாளைக்கு லெக் பீஸு ஒனக்குத்தான்."