அறுநூறு வருடத்துப் பழைய சீட்டு

ஒரு காட்டில் (எந்தக் காடு என்று கேட்காதீர்கள், எல்லை வழக்கு நடந்துகொண்டிருக்கிறது) வடிவழகி என்ற முள்ளம்பன்றிக்கு விக்கல் பிடித்தது. சாதாரண விக்கல் என்றால் யாருக்கு என்ன? ஒவ்வொரு விக்கலுக்கும் அவள் முதுகிலிருந்து ஒரு முள் பறந்தது. யானைக்குத் தும்பிக்கையில் குத்தியது, நரிக்குச் சொல்லக்கூடாத இடத்தில். காட்டுச் சபை கூடி, "பௌர்ணமிக்குள் விக்கல் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் காட்டை விட்டுப் போக வேண்டும்" என்று நோட்டீஸ் ஒட்டியது. பிறந்து வளர்ந்த இடத்தை விட்டு எங்கே போவாள்? அழுதாள். அழுததில் விக்கல் கூடியது. பாவமாகத்தான் இருந்தது, ஆனால் ஆறுதல் சொல்ல யாரும் பக்கத்தில் போகவில்லை.

ஆமை ஆராவமுதன் மட்டும் போனார். ஓடு இருக்கிறதே! அவர் ஆராய்ச்சியாளர். குகையில் கிடைத்த, அறுநூறு வருடத்துப் பழைய ஓலைச்சுவடி ஒன்றை நூறு வருடமாகப் படித்துக்கொண்டிருந்தார். ஓர் எழுத்தும் புரியவில்லை. முதல் நாற்பது வருடம் அதை ஜோதிடம் என்றார். அடுத்த நாற்பது வருடம் நிலப்பத்திரம் என்றார். இப்போது காதல் கடிதம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஐயா, அதுல விக்... கலுக்கு ஏதாச்சும் இருக்குமா?" என்றாள் வடிவழகி.

"காதல் கடிதத்தில் விக்கலுக்கு என்னம்மா இருக்கும்?"

இருந்தாலும் மனது கேட்காமல், சுவடியும் கையுமாக அவளை மருந்துக்கடைக்குக் கூட்டிப்போனார். கடைக்காரன் கீரி கதிர்வேலு. ஒரே கூட்டம். ஆமை சுவடியைக் கடை மேசையில் வைத்துவிட்டு மூச்சு வாங்கினார். கீரி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அதை இழுத்து விரலை ஓட்டினான்.

"மூணு வேளை, சாப்பாட்டுக்கு அப்புறம். இது இருக்கு. இதுவும் இருக்கு. இது மட்டும் இல்ல சார். அதே மருந்து வேற கம்பெனியில இருக்கு, தரட்டா?"

ஆமையின் தலை ஓட்டுக்குள் போய்விட்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் வெளியே வந்தது. "உனக்கு... இதைப் படிக்க வருகிறதா?"

"வைத்தியர் கைப்புத்தகம் சார். எந்த நோய்க்கு எதுன்னு வரிசையா எழுதி வச்சிருக்காரு."

"பிறகு ஏன் சங்கேத எழுத்தில் எழுதினார்?"

"சங்கேதமா? அவசரம் சார். வெளியில ஆளுங்க நின்னிருப்பாங்க."

பன்னிரண்டாம் ஓலையைப் பார்த்து விக்கலுக்கு ஒரு பச்சை உருண்டை கொடுத்தான். மூன்று நாள் தின்றும் நிற்கவில்லை. குரங்குக்கும் ஒரு முள் போனதுதான் மிச்சம். மறுநாள் பௌர்ணமி.

"மருந்துல கோளாறு இல்லக்கா," என்றான் கீரி. "சீட்டு பழசு. அறுநூறு வருஷம் ஆச்சே! புதுசா எழுதி வாங்கிட்டு வாங்க."

ஆமைக்குச் சந்தேகம் தட்டியது. நூறு வருடம் தனக்குப் புரியாததை ஒரு கீரி படிப்பதா என்ற வயிற்றெரிச்சலும் இருந்தது, மறைப்பானேன். குப்பைமேட்டில் கிளறிக்கொண்டிருந்த கோழி செங்கமலத்தின் காலடியில் ஒரு வெற்று ஓலையைப் போட்டார். அவள் கிளறி முடித்ததும் எடுத்துக்கொண்டு ஓடினார். ஆமை ஓட்டம்தானே, மறுநாள் சாயங்காலம்தான் கடைக்கு வந்து சேர்ந்தார். வடிவழகி மூட்டை முடிச்சோடு அங்கே காத்திருந்தாள்.

கீரி ஓலையைப் பார்த்தான். "ம். விக்கலுக்கு. வெறும் வயித்துல." அதே பச்சை உருண்டை. ஆமை வாயைத் திறப்பதற்குள் வடிவழகி விழுங்கிவிட்டாள். விக்கல் நின்றுவிட்டது.

"அது கோழி கிளறின ஓலை! அவள் புழு தேடினாள்!" என்று ஆமை கத்தினார்.

கூட்டம் கொஞ்சம் யோசித்தது. பிறகு கோழியைத் தேடி ஓடியது.

"நான் புழுதாங்க தேடினேன்," என்று செங்கமலம் கெஞ்சினாள்.

"பெரிய டாக்டருங்க இப்படித்தான் தன்னடக்கமா பேசுவாங்க," என்றது யானை. ஒரு மணி நேரத்தில் போர்டு மாட்டி டோக்கன் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

ஆமை விடவில்லை. நடந்ததையெல்லாம் முத்து முத்தான கையெழுத்தில் மனுவாக எழுதிச் சபையில் கொடுத்தார். எல்லோருக்கும் ஒரே வாசிப்பில் புரிந்தது. அதனாலேயே யாருக்கும் அதன்மேல் மரியாதை வரவில்லை. மறுவாரம் பார்க்கலாம் என்று ஓரமாக வைத்தார்கள்.

வடிவழகி அவரைத் தனியாகக் கூப்பிட்டாள். "ஐயா, நீங்க சொல்றது நிசந்தான். எனக்கும் தெரியுது. ஆனா அதை நம்பிட்டா விக்கல் திரும்பி வந்துருமோன்னு பயமா இருக்கு. நான் இங்கேயே இருக்கணுங்கய்யா."

 ஆமை போய் மனுவைத் திரும்ப வாங்கினார். அதைக் கோழியின் காலடியில் போட்டார். அவள் நன்றாகக் கிளறியதும் மறுபடி சபையில் கொடுத்தார். சபை அதை ஏகமனதாக ஏற்றுக்கொண்டு, அவருக்கு முனைவர் பட்டமும் கொடுத்தது.

நீதி: புரியும்படி எழுதுகிறவன் பதில் சொல்ல வேண்டியிருக்கும், கிறுக்குகிறவனுக்கு மற்றவர்கள் டோக்கன் வாங்கிக்கொண்டு காத்திருப்பார்கள்.