நாற்காலியை விட்டு எழாத ஒரு மாதம்

ஒரே இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருப்பதுதான் பொறுப்பு என்று நினைத்த காலம் எனக்கும் இருந்தது. என் இடது கால் அப்படி நினைக்கவில்லை.

பாலோ என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்ட ஆபீசில், தட்டெழுத்து வேலைக்கு என்னை ஒரு மாதம் வைத்துப் பார்ப்பதாகச் சொன்னார்கள். தட்டெழுத்து, சுருக்கெழுத்து இரண்டிலும் நான் தேறியவள். (யாரும் கேட்காமலே இதைச் சொல்லிவிடுவேன்.) அந்த ஆபீசுக்கு வந்த முதல் பெண்ணும் நான்தான்.

"பொம்பளப் புள்ள ஒரு எடத்துல நெலச்சு உக்காராது," என்றார் பெரிய கிராணி. தலைமைக் குமாஸ்தா; ஆபீசில், தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரைக்கு அடுத்து அவர்தான்.

உட்கார்ந்து காட்டுவது என்று முடிவு செய்து, நோட்டில் விதிகள் எழுதினேன். தண்ணீர் கிடையாது. சாப்பாடு மேசையிலேயே. எட்டாத காகிதத்தை எடுக்க நாற்காலியோடு நகரலாம், எழக் கூடாது.

பலன்களையும் அதே நோட்டில் குறித்தேன். முதல் வாரம் கழுத்து வலி. அடுத்தது இடுப்பு. மூன்றாம் வாரம், சாயங்காலமானால் கணுக்கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. மலச்சிக்கலை மட்டும் சுருக்கெழுத்தில் குறித்தேன்.

கடைசி நாள், வேலை உண்டா இல்லையா என்று சொல்லத் துரை முதல் தடவையாக எங்கள் அறைக்கு வந்தார். துரை நுழைந்தால் எல்லோரும் எழ வேண்டும். நானும் எழுந்தேன். காலையிலிருந்து மடித்து வைத்திருந்த இடது கால் மரத்துப் போயிருந்தது. மேசையைப் பிடிக்கப் போய், கை தவறி, துரையின் பூட்சுகள் மேல் குப்புற விழுந்தேன்.

"எந்திரிம்மா," என்றார் கிராணி. "வேலைக்காக இப்படிக் கால்ல விழலாமா?"

"விழலைங்க, கால் மரத்துப் போச்சு." பூட்சில் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னது யாருக்கும் விளங்கவில்லை.

"பாவம், அழுவுது," என்றார் கிராணி.

எழுந்திருக்கப் பிடிமானம் வேண்டுமே என்று துரையின் கணுக்காலைப் பற்றினேன்.

"புடிச்ச புடிய விடமாட்டேங்குது, தொரை."

துரையின் முகம் மிளகாய்ப் பழமாகியிருந்தது. "வேலே இருக்கு. காலே விடு."

பிழையில்லாமல் நான் தட்டிய ஒரு மாதக் கடிதங்களைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. காலில் விழுந்து வாங்கிய வேலை என்று, தொழிலாளர் குடியிருக்கும் லயம் முழுக்கப் பேச்சு. நடந்ததை ஒரு பக்கம் தட்டெழுதிக் கிராணியிடம் கொடுத்தேன். கவனமாகப் படித்தார்.

"எனக்குப் பத்து நாள் லீவு வேணும்," என்றார் மெதுவாக. "எத்தன மணி நேரம் உக்காந்தா கால் மரக்கும்?"

இப்போது அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து நடக்கிறேன். வீட்டில் மறந்துபோய்ச் சற்று அதிகம் உட்கார்ந்துவிட்டால், அப்பா தம் இரண்டு கால்களையும் நாற்காலி மேல் தூக்கி வைத்துக்கொள்கிறார்.

"என்ன வேணும்னு மொதல்லயே சொல்லிடும்மா."