ஏழாம் படியில் நெஞ்சைத் தொடுவது குறித்து

மதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

நானும் உங்கள் மாமியாரும் அவரவர் மாத்திரையை அவரவர் வேளைக்கு விழுங்கி நலமாக இருக்கிறோம். அங்கும் எல்லோரும் நலம்தானே?

பல்கலைக்கழகத்தின் முந்நூறாம் ஆண்டு மலரில் ‘மரபுகள்’ அத்தியாயத்தை, தேர்வுப் பிரிவில் முப்பத்தாறு வருடம் குப்பை கொட்டியவன் என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். மணிக்கூண்டு, கறுப்பு அங்கி எல்லாம் எழுதியாயிற்று. மாட்டிக்கொண்டது மண்டப வாசலின் ஏழாம் படியில். பட்டமளிப்பு ஊர்வலம் அங்கே நின்று, எல்லோரும் வலக்கையால் இடப்பக்க நெஞ்சைத் தொடுவார்கள் அல்லவா, அது நிறுவனர் செய்த சபதம் என்று வரலாற்றுத் துறைத் தலைவர் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்து, நாளை அச்சுக்குப் போகிறது, கையெழுத்துப் போடுங்கள் என்கிறார். எப்படிப் போடுவேன்? அதை ஆரம்பித்ததே நான்தான். நாற்பத்திரண்டு வருடம் முன்பு செங்கோல் ஏந்துபவருக்குக் காய்ச்சல் என்று என்னை முன்னால் நடக்கவிட்டார்கள். ஏழாம் படியில் ஒரு சந்தேகம், வினாத்தாள் பீரோவைப் பூட்டினோமா என்று. நின்று, சட்டைப்பையில் சாவி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன். பின்னால் வந்த துணைவேந்தரும் நின்று தொட்டார். அவருக்குப் பின்னால் எல்லோரும். மறுவருடம் நிகழ்ச்சி நிரலில் அச்சடித்துவிட்டார்கள்.

பதிவாளரிடம் சொன்னேன். “பெரியவரே, வயசானா இப்படித்தான், எல்லாம் நாமதான் ஆரம்பிச்சோம்னு தோணும். எங்க மாமனார் ரயிலையே அவர்தான் விட்டாராம்” என்றார். வீட்டில் சொன்னால் உங்கள் மாமியார், “பூட்டின பூட்டை நாலு தடவை இழுத்துப் பாக்குற மனுஷன்தானே! வாங்க, நான் வந்து சாட்சி சொல்றேன்” என்று செருப்பை மாட்டிக்கொண்டாள். அவளை உட்காரவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. எனக்கே இப்ப சந்தேகம், அது ஆறாம் படியா ஏழாம் படியான்னு. ஆனா சாவி சாவிதான். பொய்க்குக் கையெழுத்துப் போட மாட்டேன்னு முடிவு பண்ணிட்டேன். மலர்ல என் பேர் வரணும்னு ஒரு ஆசை இருந்துச்சு. போகட்டும்.

உங்களுக்கும் என் மகளுக்கும் ஆசிகள். இந்த வருடம் பட்டம் வாங்கும் பேத்தி எங்களோடு சௌக்கியம்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் பட்டமளிப்பு ஒத்திகை பார்க்கப் போய்வந்தேன். ஏழாம் படியில் உங்கள் மகள் நெஞ்சில் கை வைத்து நின்றாள், கண் கலங்கியிருந்தது. “தாத்தா, முந்நூறு வருஷமா எல்லாரும் இங்க நின்னாங்களாமே, உடம்பே சிலிர்க்குது” என்றாள். நேரே போய் இரண்டு பக்கத்துக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உண்மைக்கு இருக்கும் ஒரே எழுத்துச் சான்று இனி இந்தக் கடிதம்தான். படித்தவுடன் கிழித்துவிடுங்கள். எதைக் கிழித்தீர்கள், அதில் என்ன இருந்தது என்று விவரமாகப் பதில் போடுங்கள். கோப்பில் வைக்க வேண்டும்.