பிடி என்றால் பிடி

எங்கள் ஓசூர்த் தெருவில் யார் சொன்ன பேச்சையும் கேட்காமல் வாழ்ந்து காட்டிய ஒரே மனிதர் பிஸ்டன் அண்ணன். டாக்டர் "குனியாதீங்க" என்று சொன்ன மறுநாளே, பழைய அம்பாசடரின் பானெட்டுக்குள் இடுப்புவரை குனிந்து கிடந்தார்.

வேலை, தொழிற்பேட்டையில் ஓர் இன்ஜின் கம்பெனியில். "இத்தனை வருஷமா ஒரே ஒரு நட்டு, தம்பி. இன்ஜின் வரும், முடுக்குவேன், போயிரும். அது ஸ்டார்ட் ஆச்சா இல்லியான்னுகூடத் தெரியாது. முழுசா ஒரு இன்ஜினை நானே கட்டி, அது உறுமறதைக் கேக்கணும்!" அதற்காகவே செத்துப்போன அந்த அம்பாசடரை வாங்கி, வாடகை வீட்டு வாசலில் நிறுத்தி, அக்கக்காகக் கழற்றினார்.

ஒருநாள் அவர் மனைவி இட்லித் தட்டை எடுத்தால், குழிக்கு ஒன்றாக வால்வு.

"என்னாங்க இது?"

"வரிசை மாறக் கூடாது. தொடாத."

"அப்ப இட்லி?"

"தோசை ஊத்து."

அந்த வீட்டில் பல மாதம் தோசைதான்.

வீட்டுக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கெடு வைத்தார். "ஆயுத பூஜை அன்னிக்கு வண்டி தானா நகரணும். இல்லைன்னா பழைய இரும்புக்காரன் தூக்கிட்டுப் போவான்."

"வரச் சொல்லுங்க. அவனுக்கும் பொரி குடுத்து அனுப்பறேன்" என்றார் அண்ணன்.

கட்டி முடித்த இன்ஜினைச் சங்கிலியில் தொங்கவிட்டு வண்டிக்குள் இறக்கினோம். அது ஆடாமலிருக்கக் கயிறு பிடிக்கும் வேலை எனக்கு. எதிர்வீட்டு மைசூர்க்காரர், கன்னடம் மட்டுமே பேசுபவர், "பிடி! பிடி!" என்று கத்தினார். நான் மதுரைக்காரன், உயிரைக் கொடுத்துப் பிடித்தேன். அவர் இன்னும் கத்த, நான் இன்னும் இறுக்க, இறங்கிய இன்ஜின் என்னை இழுத்துக்கொண்டுபோய்ப் பம்பரில் மோதவிட்டது. கன்னடத்தில் 'பிடி' என்றால் 'விடு' என்பது நெற்றி வீங்கிய பிறகுதான் தெரிந்தது.

"இந்த ஊர்ல எவன் பிடின்னாலும், மொதல்ல அவன் வீட்ல என்ன பாஷைன்னு கேளு தம்பி" என்றார் அண்ணன்.

ஆயுத பூஜை காலை. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், தெருவில் இரும்புக்காரனின் மினி லாரி. அண்ணன் சாவியைத் திருப்பினார். வண்டி இருமியது. மறுபடி திருப்பினார். இருமல்கூட இல்லை. வீட்டுக்காரர் இரும்புக்காரனுக்குக் கண்ணைக் காட்டினார். மைசூர்க்காரருக்கே மனசு தாங்கவில்லை. ஜன்னலருகே போய், "ஹோக்லி பிடி ஸார்" என்றார். போகட்டும், விட்டுடுங்க என்று அர்த்தம்.

அண்ணனுக்கா தெரியாது? அந்த மைசூர்க்காரரிடமே சரளமாகக் கன்னடம் பேசுகிறவர் அவர். தலையை வெளியே நீட்டிக் கத்தினார்: "கேட்டீங்களா எல்லாரும்? அவரே பிடிங்கறாரு!"

திருப்பினார். கரும்புகை கிளம்பி வீட்டுக்காரரின் வெள்ளை வேட்டியை நாசம் பண்ணியது. இன்ஜின் உறுமியது. எலுமிச்சை நசுங்க, வண்டி தெருமுனை வரை போய் நின்றது. தள்ளிக்கொண்டுதான் வந்தோம். வீட்டுக்காரர் வாயைத் திறக்குமுன் அண்ணன் முந்திக்கொண்டார். "நகரணும்னுதானே சொன்னீங்க? திரும்பி வரணும்னு சொல்லலியே!" சொல்லும்போது மனுஷனுக்குக் கண் கலங்கியிருந்தது, புகை என்று சாதித்தார்.

இப்போது நான் வேறு ஊரில் இருக்கிறேன். யாராவது 'விட்டுத் தள்ளுப்பா' என்றால் எனக்கு அவர் குரல்தான் கேட்கிறது. அந்த மனுஷனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். தமிழில்தான் சொல்கிறேன்.