ஜிலேபி அண்ணனின் வருகைப் பதிவேடு

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை சாலையின் இரண்டு பக்கமும் நிற்கிற அத்தனை தொழிற்சாலைகளிலும் சேர்த்து, சுவரில் ஒட்டியிருக்கும் போஸ்டரைப் படித்து, படித்ததை அப்படியே நம்பிய ஒரே மனிதர் ஜிலேபி அண்ணன்தான். மற்ற நாங்கள் எல்லாம் போஸ்டரை எழுதியவர்கள். அதனால் எங்களுக்கு அதில் நம்பிக்கை வர வழியில்லை.

நான் அப்போது கார் பாகங்களுக்குப் பெயின்ட் அடிக்கும் ஒரு தொழிற்சாலையில் சுற்றுச்சூழல் அதிகாரி. பதவியின் பெயரைக் கேட்டு மலை, மரம், மான் என்று கற்பனையை ஓட்ட வேண்டாம். பெயின்ட் கழுவிய தண்ணீர் பின்பக்கத்துச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். அங்கிருந்து வெளியே வந்தபோது அது சுத்தமாக இருந்தது என்று காகிதத்தில் கையெழுத்துப் போடுவது என் வேலை. தண்ணீரை நேரில் போய்ப் பார்ப்பது என் வேலையில் சேராது. பார்த்துவிட்டால் கையெழுத்து கோணலாகிவிடும்.

சுத்திகரிப்பு நிலையத்தை ஓட்டியவர்தான் ஜிலேபி அண்ணன். வடக்குப்பட்டுக்காரர். ஐம்பதை நெருங்கும் வயது, ஒல்லி உடம்பு, எந்நேரமும் சுண்ணாம்புத் தூள் படிந்த முழங்கை. ஒன்பது வருடமாகக் கான்ட்ராக்ட். எங்கள் கம்பெனியில் நிரந்தர ஊழியருக்குக் கழுத்தில் நீலப் பட்டை, கான்ட்ராக்ட் ஆளுக்கு மஞ்சள் பட்டை. கேன்டீனில் வரிசை கூட அந்த நிறப்படிதான் நிற்கும்.

"எம் பொண்ணு கேக்குது சார், உனுக்கு மட்டும் இன்னாத்துக்கு மஞ்சா கலரு குட்த்து கீறாங்கன்னு. மஞ்சள் மங்களகரம்மான்னு சொல்லி சமாளிச்சிக்கினு கீறேன்" என்பார்.

ஒருநாள் எங்கள் மேனேஜர் வேறொரு கம்பெனிக்குப் போய்விட்டு வந்தார். அங்கே சுத்திகரித்த தண்ணீரை ஒரு தொட்டியில் விட்டு அதில் மீன் வளர்க்கிறார்களாம். வருகிற விருந்தாளிகள் எல்லாம் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்களாம். எங்கள் மேனேஜருக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. ஒரே வாரத்தில் டைல்ஸ் ஒட்டிய தொட்டி, செயற்கை நீரூற்று, "எங்கள் நீரில் மீன்கள் வாழ்கின்றன" என்று ஒரு பலகை, எல்லாம் தயார். மீன் மட்டும்தான் பாக்கி. அண்ணன் தன் ஊர் ஏரியிலிருந்து பன்னிரண்டு ஜிலேபி மீன்களைக் குடத்தில் போட்டு, பைக்கில் முன்னால் வைத்துக் கொண்டுவந்தார். அன்றிலிருந்து அவருக்கு அந்தப் பெயர்.

தொட்டிக்கு எதிர்ச் சுவரில் ஒரு போஸ்டர் இருந்தது. "இங்கே உள்ள ஒவ்வொரு உயிரும் எங்களுக்கு முக்கியம்." நான் எழுதியதுதான். பாதுகாப்பு வாரத்துக்காக, மதியச் சாப்பாட்டுக்கு முன் ஐந்து நிமிடத்தில் எழுதியது. அண்ணன் அதை நின்று படித்தார். மறுநாள் ஒரு நீள நோட்டை வாங்கி, கட்டம் போட்டு, மீன்களுக்கு வருகைப் பதிவேடு தொடங்கிவிட்டார்.

ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண். மூன்று ஷிப்ட்டுக்கும் தனித்தனிக் கட்டம். இவர் போகும்போது அடுத்த ஷிப்ட் ஆளிடம் மீன்களை எண்ணி ஒப்படைத்துவிட்டுத்தான் போவார். நன்றாக நீந்தினால் பி, அதாவது பிரசென்ட். அடியில் சுணங்கிக் கிடந்தால் "உடம்பு சரியில்லை". செத்துப்போனால் ஏ. ஆப்சென்ட் போட்டால் பக்கத்தில் காரணம் எழுத வேண்டும் அல்லவா, அதையும் எழுதினார்.

"எல்லா மீனும் ஒரே மாதிரிதானே அண்ணே இருக்கு, எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"இன்னா சார் இப்டி கேட்டுட்டீங்க. நாலாம் நம்பருக்கு வால்ல ஒரு வெட்டு கீது. ஒம்போது ஓரமாவே சுத்திக்கினு இருக்கும். ஏழாம் நம்பரு சோம்பேறி, சோறு போட்டாத்தான் மேல வரும். உங்க ஆபீஸ்ல கீற ஆளுங்கள நீங்க கண்டுபுடிக்கறது இல்லியா?"

நாலாம் நம்பர் ஒரு செவ்வாய்க்கிழமை இறந்தது. புதன்கிழமை காலை மீட்டிங்கில், மேனேஜர் உற்பத்தியைப் பற்றி உருகிக்கொண்டிருந்தபோது, அண்ணன் உள்ளே வந்து ஒரு படிவத்தை மேசைமேல் வைத்தார். தொழிலாளிக்கு அடிபட்டால் நிரப்புகிற விபத்துப் படிவம். ஏன், ஏன் என்று ஐந்து முறை கேட்டு மூல காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது எங்கள் கம்பெனியின் வேதம். அண்ணன் முறைப்படி கேட்டிருந்தார். ஏன் இறந்தது? மூச்சு முட்டி. ஏன் மூச்சு முட்டியது? தண்ணீரில் காற்று இல்லை. ஏன் காற்று இல்லை? தண்ணீருக்குக் காற்று ஊதும் ப்ளோயர் ஓடவில்லை. ஏன் ஓடவில்லை? ப்ளோயர் பேனலைப் பூட்டிச் சாவி மேனேஜர் வைத்திருக்கிறார். ஐந்தாவது ஏனுக்கு எதிரே கட்டம் காலியாக இருந்தது.

"அது நீங்க ரொப்பணும் சார். எனுக்குத் தெரியாது" என்றார்.

எல்லாருக்கும் தெரியும். ப்ளோயர் கரண்டைக் குடிக்கிற ராட்சசன். அதை நிறுத்தி வைத்தால் மேனேஜருக்கு மேலிடத்தில் நல்ல பெயர். சாவி அவருடைய கீசெயினில், வீட்டுச் சாவிக்கும் கார்ச் சாவிக்கும் நடுவே பத்திரமாகத் தொங்கியது. அண்ணன் அதோடு நிற்கவில்லை. கேட்டில் "விபத்தில்லா நாட்கள்" என்று ஒரு பலகை உண்டு. நானூற்றுச் சொச்சத்தில் கம்பீரமாக நின்ற எண்ணை அழித்துப் பூஜ்யம் ஆக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். அன்று பார்த்து வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் வந்து, இறந்தவரின் குடும்பத்துக்கு ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்துவிட்டுப் போனார்.

அண்ணன் செத்த மீனுக்குப் பதில் ஏரியிலிருந்து புதியது கொண்டுவந்து, அதே எண்ணைக் கொடுத்து, "பழைய ஆள் இடத்தில் புது ஆள்" என்று குறிப்பு எழுதுவார். பதிவேட்டில் கடைசி வரிசை மட்டும் மீனுக்கு இல்லை, மீட்டருக்கு. வெளியேறும் தண்ணீரில் ஒரு மீட்டர் மிதக்க வேண்டும், அது காட்டுகிற அளவு தானாகவே அரசு அலுவலகத்துக்குப் போகும் என்பது சட்டம். எங்கள் மீட்டரும் தண்ணீரில்தான் இருந்தது. கேன் தண்ணீர் ஊற்றிய ஒரு நீல வாளிக்குள். கால் மணிக்கு ஒருமுறை எங்கள் குடிநீர் கேனின் சுத்தத்தை அரசாங்கத்துக்குத் தவறாமல் தெரிவித்துக்கொண்டிருந்தோம். அண்ணன் அந்தக் கட்டத்தில் தினமும் "வெளிவேலை, வாளியில்" என்று எழுதினார்.

மீன்கள் வந்த ஒன்பதாம் மாதம், அனுமதியைப் புதுப்பிக்க மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலிருந்து பொறியாளர் மேடம் சோதனைக்கு வருவதாகத் தகவல் வந்தது. மேனேஜர் அண்ணனை அறைக்குக் கூப்பிட்டார். நானும் இருந்தேன். மேசையில் ஒரு கடிதம். அண்ணனை நிரந்தரமாக்கும் ஆணை. கையெழுத்து மட்டும் பாக்கி.

"நாளைக்கு ஒருநாள் வாயைத் திறக்காம இரு. சாயங்காலம் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கறேன்" என்றார் மேனேஜர்.

அண்ணன் அந்தக் கடிதத்தைத் தொடவில்லை. தலைகீழாகவே தன் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு, "நான் இன்னா சார் பேசப் போறேன்" என்றார். வெளியே வந்ததும் தன் மஞ்சள் பட்டையை ஒருமுறை தடவிக்கொண்டார். எனக்கு அது இன்னும் கண்ணில் நிற்கிறது.

மறுநாள் காலை என்னைச் சுங்குவார்சத்திரத்துக்கு அனுப்பினார்கள். எங்கள் ஜிலேபிகள் சோகையாக இருப்பதால் பன்னிரண்டு தங்கமீன் வாங்கிவர வேண்டும். மீன்தொட்டிக் கடைக்காரர் என் கழுத்துப் பட்டையைப் பார்த்துவிட்டு, "பொறந்த நாளா, இன்ஸ்பெக்‌ஷனா சார்?" என்று கேட்டார். இன்ஸ்பெக்‌ஷன் என்றேன். "அப்ப ஒருநாள் தாங்கற மீனே போதும்" என்று உட்புறத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவருக்கு இருந்த தொழில் ஞானம் எங்கள் கம்பெனியில் ஒருவருக்கும் இல்லை.

தொட்டியைக் கழுவி, கேன் தண்ணீர் நிரப்பி, தங்கமீன்களை விட்டோம். ஜிலேபிகள் ஒரு டிரம்முக்குள் போய்விட்டன. அண்ணன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் நின்றார். நோட்டில் மட்டும் ஏதோ எழுதினார்.

மேடம் வந்தார். தொட்டியைப் பார்த்ததும் நின்றார்.

"எவ்வளவு நாளா இந்த மீனெல்லாம் இருக்கு?"

"ஒன்பது மாசமா மேடம். எங்க குடும்பம் மாதிரி" என்றார் மேனேஜர். குடும்பத்தில் ஒன்று அப்போதுதான் பிளாஸ்டிக் பையிலிருந்து விடுபட்ட மயக்கத்தில் சுவரில் முட்டிக்கொண்டிருந்தது.

மேடம் அண்ணனைப் பார்த்து, "நீங்கதானே ஆபரேட்டர், நீங்க சொல்லுங்க" என்றார். அண்ணன் வாய் திறக்கவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார். உள்ளே போய் நோட்டை எடுத்துவந்து மேடத்தின் கையில் கொடுத்துவிட்டு, இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

மேடம் அன்றைய பக்கத்தை உரக்கப் படித்தார். "பழைய பன்னிரண்டு பேர்: கட்டாய விடுப்பு, டிரம்மில். புதிதாகச் சேர்ந்த பன்னிரண்டு பேர்: பாதுகாப்புப் பயிற்சி முடியவில்லை, நம் தண்ணீரில் இறக்கக் கூடாது."

பிறகு மேடம் முந்தைய பக்கங்களைப் புரட்ட ஆரம்பித்தார். நின்றபடியே படிக்கிறாரே என்று மேனேஜர், "மேடம் உட்கார ஏதாவது போடுப்பா" என்று பதறினார். பதற்றத்தில் செக்யூரிட்டி, கண்ணில் பட்ட நீல வாளியைத் தூக்கித் தண்ணீரைக் கொட்டி, கவிழ்த்துத் துடைத்துப் போட்டார். மீட்டர் ஒயரோடு தரையில் விழுந்தது. மீட்டரின் அளவைக் காட்டும் சுவர்த் திரையில் எண்கள் தாறுமாறாக ஓடின. மேடம் வாளியைப் பார்த்தார், ஒயரைப் பார்த்தார், நோட்டின் கடைசி வரிசையைப் பார்த்தார். அப்புறம் அந்த வாளியின் மேலேயே உட்கார்ந்து, ஒன்பது மாதத்தையும் ஒரு வரி விடாமல் படித்து முடித்தார்.

படித்துவிட்டு என்னிடம் திரும்பினார். "நீங்கதானே சுற்றுச்சூழல் அதிகாரி? இதில எழுதியிருக்கறது உண்மையா?"

மேனேஜர் என்னைப் பார்த்தார். அவருடைய பார்வையில் என் அடுத்த மாதத்து வாழ்க்கை முழுவதும் இருந்தது. நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, டிரம்மைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த மீனெல்லாம் காலையில நான்தான் வாங்கிட்டு வந்தேன் மேடம். நோட்டுல இருக்கறது எல்லாம் உண்மை" என்றேன். அந்த வேலையில் சேர்ந்து நான் சொன்ன முதல் உண்மை அது.

மேனேஜர் அன்று சாயங்காலம் கடிதத்தைக் கிழிக்கவில்லை. பண்பானவர். இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார். அண்ணனுடைய கான்ட்ராக்ட் முடிந்துவிட்டதாகத் தகவல் மட்டும் போனது. மஞ்சள் பட்டையை வாங்கி வைக்கும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். அண்ணன் கேட்டில் நின்று அதைக் கழற்றி மடித்துக் கொடுத்தார்.

"நான் வாயத் தொறக்கல சார். நீங்கதான் தொறந்துட்டீங்க" என்றார். சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த மாதம் என் பட்டையையும் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

மற்றது பிறகு செக்யூரிட்டி சொல்லித் தெரிந்தது. மேடம் கொடுத்த உத்தரவில், மீட்டரைத் தண்ணீரில் போடு, ப்ளோயரை நிறுத்தாதே என்பவற்றோடு இன்னொரு நிபந்தனையும் இருந்ததாம். இப்போது உள்ளபடியே மீன்களின் வருகைப் பதிவேடு தினமும் எழுதப்பட வேண்டும். கம்பெனி ஜிலேபிகளை மறுபடியும் தொட்டியில் விட்டு, மூன்று ஆட்களை மாற்றி மாற்றி உட்கார வைத்தது. ஒருவருக்கும் ஏழாம் நம்பர் எது, ஒன்பதாம் நம்பர் எது என்று தெரியவில்லை. கடைசி ஆள் கண்ணை மூடிக்கொண்டு எல்லாருக்கும் பி போட்டுவிட்டார். அடுத்த சோதனையில் மேடம் உட்கார்ந்து எண்ணினார். நோட்டில் பன்னிரண்டு, தொட்டியில் பதினொன்று. ஒன்றை மீன்கொத்தி கொண்டுபோய் வாரம் ஒன்றாகியிருந்தது. இந்த மாதத்துக்குள் சரியில்லை என்றால் அனுமதி கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

மறுநாள் காலை எங்கள் மேனேஜர் வடக்குப்பட்டில், அண்ணன் வீட்டு வாசலில், பளபளக்கும் ஷூவோடு நின்றார். கையில் பழைய கடிதம்.

"பர்மனென்ட் நீங்க குட்த்தா குடுங்க, இல்லாட்டி போங்க" என்றாராம் அண்ணன். "அந்தப் பேனல் சாவி மட்டும் எங்கிட்ட இருக்கணும். அந்தத் தண்ணி எங்க ஊரு பக்கம்தான் சார் வருது."

மேனேஜர் கீசெயினிலிருந்து சாவியைக் கழற்ற முயன்று, நகம் உடைந்து, கடைசியில் அண்ணனின் மகள் ஊக்கு ஒன்றைக் கொண்டுவந்து கழற்றிக் கொடுத்தாளாம்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக அந்தப் பக்கம் போனவன், கேட்டில் பெயரைச் சொல்லி உள்ளே போனேன். தூரத்திலேயே ப்ளோயர் சத்தம் காதைக் கிழித்தது. அண்ணன் கழுத்தில் இன்னும் மஞ்சள் பட்டை. கடிதத்துக்கு மேலிடத்து ஒப்புதல் வர வேண்டுமாம், கோப்பு நகர்ந்துகொண்டே இருக்கிறதாம். சாவி மட்டும் இடுப்பில், அரைஞாண் கயிற்றில். தொட்டியில் என்னால் எண்ண முடியாத அளவுக்குக் குட்டிகள். அவ்வளவுக்கும் எண் கொடுத்திருந்தார்.

அவர் டீ வாங்கப் போன நேரத்தில் நோட்டைப் புரட்டினேன். மீன்களுக்குக் கீழே, மீட்டருக்கும் கீழே, சோதனை நடந்த நாளிலிருந்து புதிதாக ஒரு வரிசை. பெயர்க் கட்டத்தில் என் பெயர். முதல் நாள் கட்டத்தில் ஒரே ஒரு பி. அவர் வேலைக்குத் திரும்பிய நாளிலிருந்து அன்றைய தேதி வரை, கட்டத்துக்குக் கட்டம், அவருடைய கோணல் எழுத்தில் ஒரே குறிப்பு.

"வேற தண்ணில உசுரோட கீறாரு."