திருச்செல்வத்தின் வௌவால் கொள்கை

இனி மனைவி பிரேமலா தனக்கு என்ன செய்கிறாளோ, அதையே அவளுக்குத் திருப்பிச் செய்வது என்று திருச்செல்வம் முடிவெடுத்தார். மலேசியாவின் பொந்தியான் ஊரில், அன்னாசித் தொழிற்சாலையில் அவர் மேற்பார்வையாளர். வீட்டில் மேற்பார்வை பிரேமலா.

எல்லாம் கைப்பேசியில் பார்த்த ஒரு பேராசிரியரின் பேச்சால் வந்தது. ரத்தம் குடிக்கும் வௌவால், பசித்த கூட்டாளிக்குத் தன் வாயிலிருந்தே ஊட்டுமாம். ஊட்டாத கஞ்சனுக்கு அடுத்த தடவை ஒன்றும் கிடைக்காதாம். உலகத்தில் நல்லொழுக்கமே இப்படித்தான் வளர்ந்ததாம்.

சனிக்கிழமை காலை பிரேமலா தோசை சுடவில்லை. முதல்நாள் அவள் வேலை பார்க்கும் கிளினிக்கில் கூட்டம். அசதி.

"அப்ப நானும் பாத்திரம் கழுவமாட்டேன். வௌவாலே அப்படித்தான் இருக்கு," என்றார்.

"ராத்திரிக்குக் கட்டில் வேணுமா, இல்ல தலைகீழா தொங்கிக்குவீங்களா?"

"கிண்டல் பண்ணாத. வீடுன்னா ஒத்துழைப்பு வேணும்."

"உழைப்பு முழுக்க என்னோடது. ஒத்து ஊதுறது மட்டுந்தான் உங்களோடது."

"இனிமே நீ செஞ்சாத்தான் நான் செய்வேன்!"

"சரி லா. உங்க இஷ்டம்."

அவள் சண்டை போடாதது அவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

மறுநாள் அடுப்பு எரியவில்லை. அவர் துணி காயப்போடவில்லை. அதற்கடுத்த நாளும் அப்படியே. தொட்டியில் வெள்ளிக்கிழமைப் பாத்திரம் மலையாகக் கிடந்தது. சட்டை ஆள் இல்லாமலே நிற்கும் பதத்துக்கு வந்தது. திருச்செல்வம் பிஸ்கட்டிலேயே உயிர் வாழ்ந்தார். அவள் எப்படியும் இறங்கி வருவாள் என்று காத்திருந்தார்.

பிரேமலாவோ பளபளவென்று இருந்தாள். சாயங்காலம் ஏப்பம்கூட விட்டாள். அதில் பிரியாணி வாசம்!

பக்கத்து வீட்டு முஜிபுர் ரஹ்மான் சாப்பாட்டுக்கடைக்காரர். திருச்செல்வம் அவரிடம் ஓடினார்.

"பாய், எங்க வீட்ல சமையலே இல்ல. ஆனா அவ மட்டும் வாடவே இல்ல. எப்படி?"

முஜிபுர் தெருவை இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார். "உங்க வீட்டம்மா தெனமும் என் சம்சாரம் சபீதாவ தையல்கடைக்குக் கார்ல கூட்டிட்டுப் போறாங்க. சபீதா அவங்களுக்குச் சாப்பாடு கட்டிக் குடுக்குறா."

"அலமாக்! அப்ப எனக்கும் ஒரு தட்டு குடுங்க பாய்."

"உங்களுக்கு ஒரு தட்டு குடுத்தா எனக்கு வீட்ல தட்டே இருக்காது, செல்வம். சபீதா கண்டிப்பா சொல்லிட்டா."

இருவர் ஆட்டம் என்று நினைத்து அவர் ஆடிக்கொண்டிருந்தார். எதிரே ஒரு கட்சியே உட்கார்ந்திருந்தது.

வீட்டுக்கு வந்தார். கைலியை மடித்துக் கட்டினார். தொட்டியில் அடி தெரியும்வரை தேய்த்தார். திரும்பிப் பார்த்தால் வாசலில் பிரேமலா நின்றிருந்தாள். அவள் முகம் கனிந்துவிட்டது. தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். பிரியாணி. அதுவும் கோழிக்கால்.

முதல் வாயிலேயே திருச்செல்வத்துக்கு வௌவால் மறந்துபோனது. அவளும் எதிரே உட்கார்ந்து அவர் தட்டிலிருந்தே ஒரு வாய் எடுத்தாள். வீடு பழையபடி வீடாகிவிட்டது.

"கோபத்த விட்டுட்டு மறுபடி சேர்றவன்தான் கடைசியில ஜெயிப்பான்னு அந்தப் பேராசிரியர் சொன்னாரு," என்றார், எலும்பை உறிஞ்சியபடி.

"நல்ல மனுஷன்," என்றாள் பிரேமலா.

"அப்ப நானும் உங்க கூட்டுல சேர்ந்தாச்சுதானே?"

"பின்ன? எப்பவோ சேர்த்தாச்சு."

பின்கதவில் தடதடவென்று சத்தம். முஜிபுர் அடிப்பிடித்த பிரியாணி அண்டாக்களை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தார்.

"சமையல் சபீதா, கார் நான்," என்றாள் பிரேமலா. "கழுவுறது நீங்க."