ஒரு பொட்டி, இரண்டு குடித்தனம்

கணினியைக் கண்டுபிடித்த பெருமை எந்த நாட்டுக்கு என்று உலகம் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கலாம். ஆனால் ஓடாத கணினியை, அதன் பக்கத்தில்கூடப் போகாமல், கூட்டம் போட்டே குணப்படுத்தும் மகத்தான முறையை மனிதகுலத்துக்கு வழங்கியது கோயமுத்தூர் 'அப்புசாமி அண்டு மாப்பிள்ளை பம்ப்செட்ஸ்' என்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை அந்த அதிசயத்தை நேரில் பார்க்கும் பாக்கியம் மதிவதனிக்குக் கிடைத்தது.

மதிவதனி கோபிசெட்டிபாளையத்துப் பக்கம். அவள் குடும்பத்தில் வாழைக்காட்டுக் கூலிக்குப் போகாமல் காலேஜுக்குப் போன முதல் ஆள். பட்டத்தோடு கோபமும் சேர்த்தே வாங்கி வந்திருந்தாள். பம்பைச் சோதிக்க ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்று அவள் கேட்டபோது, முதலாளி அப்புசாமி "ஆகட்டும் கண்ணு" என்றார். கொங்கு நாட்டில் 'முடியாது' என்பதை இதைவிட மரியாதையாகச் சொல்ல வழியில்லை. பிறகு அவளே சம்பளத்தில் மிச்சம் பிடித்து, பாகம் பாகமாக வாங்கி, உக்கடத்து வாடகை அறையில் உட்கார்ந்து ஒன்றைப் பூட்டி உருவாக்கினாள். ஒரே பெட்டிக்குள் இரண்டு இயங்குதளம், இரண்டு குடித்தனம்: பம்பின் வரைபடங்களுக்கு விண்டோஸ், அவள் எழுதிய சோதனை புரோகிராமுக்கு லினக்ஸ். துவக்கும்போது எது வேண்டுமோ அதை எழுப்பிக்கொள்ளலாம்.

கம்பெனிக்குள் வந்த அன்றே அது 'நம்ம கம்பெனி கம்ப்யூட்டர்' ஆகிவிட்டது. வருகிறவர்களுக்கெல்லாம் அப்புசாமி அதைக் காட்டினார். மதிவதனியைக் கொஞ்சம் நகர்ந்து நிற்கச் சொல்லிவிட்டுக் காட்டினார்.

அன்று மதியம் குஜராத்திலிருந்து வியாபாரிகள் வருவதாக இருந்தது. சோதனையைத் திரையில் ஓட்டிக் காட்டிவிட்டால் சோதனைப் பிரிவுக்கு மதிவதனிதான் தலைவர் என்று முந்தின நாள் சாமி படத்துக்கு முன்னால் அப்புசாமி வாக்குக் கொடுத்திருந்தார். காலையில் அவள் சுவரிலிருந்த சுவிட்சைப் போட்டாள். விசிறி சுழன்றது. விளக்கு எரிந்தது. நாலைந்து நொடிதான், பொட்டென்று அணைந்தது. மறுபடி போட்டாள். மறுபடி அணைந்தது.

அப்புசாமி கதவருகே வந்து எட்டிப் பார்த்தார். "உன் பொட்டிக்கு என்னாச்சு அம்மணி?"

கவனிக்க வேண்டும். நேற்று சூடம் காட்டும்வரை அது 'நம்ம' கம்ப்யூட்டர்.

உடனே அவசரக் கூட்டம் கூடியது. பூஜையில் மிஞ்சிய கடலைப்பொரி நடுவில் வைக்கப்பட்டது. நிர்வாக அதிகாரி லோகப்பிரியா, 'பணியாளரின் வீட்டுத் தயாரிப்புக் கணினி எழ மறுப்பது குறித்து' என்று பொருளை வாசித்தாள். 'தொழில்நுட்ப ஆலோசகர்' கிருபாசங்கர் தொண்டையைச் செருமினான். அவனுடைய தகுதிகள் இரண்டு: அப்புசாமியின் தங்கை மகன், இரண்டு செல்போன் வைத்திருக்கிறான்.

"மாமா, கோளாறு பளிச்சுனு தெரியுதுங்க" என்றான், பெட்டி இருந்த அறைக்கு இன்னும் போயிராத கிருபாசங்கர். "ஒரே பொட்டில ரெண்டு சிஸ்டத்தைக் குடி வெச்சா, காத்தால எந்திரிக்கறப்ப எது மொதல்லன்னு ரெண்டுக்கும் சண்டை வந்துருதுங்க. ரெண்டுமே கோவிச்சுட்டுப் படுத்துக்குது. ஒண்ணைக் காலி பண்ணிப்போட்டா செரியாயிரும்."

"எதைங்க?" என்றாள் மதிவதனி.

"நீ போட்டதைத்தான்."

"ரெண்டும் நான் போட்டதுங்க."

"அதுல உனக்குப் புடிச்சதை."

அவளுக்குப் பிடித்ததில்தான் சோதனை புரோகிராம் இருந்தது. அது போனால் மதியம் காட்ட ஒன்றுமில்லை. பதவியும் இல்லை.

"தப்பா நெனைக்காத கண்ணு" என்றார் அப்புசாமி, தேன் தடவிய குரலில். "உங்க ஊட்ல இதெல்லாம் சொல்லித் தர ஆளில்ல. ஆசையில ஒண்ணுக்கு ரெண்டாப் போட்டுப்போட்டே. மாப்ள அப்பிடியில்ல. அவங்க ஊட்ல அப்பவே கம்ப்யூட்டர் இருந்துது."

"அப்பா அதுல சீட்டாடுவாருங்க" என்று கிருபாசங்கர் பணிவோடு தகவல் சேர்த்தான்.

மதிவதனி எழுந்து போனாள். பெட்டியைத் தூக்கிவந்து கடலைப்பொரிக்குப் பக்கத்தில் தொம்மென்று வைத்து, மின்வயரைச் செருகினாள். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, உள்ளேயிருந்து பிஸ்கட் அளவு வட்டு ஒன்றை உருவி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"நீங்க சொல்ற ரெண்டு குடித்தனமும் இதுக்குள்ளதாங்க. இப்ப என் கையில இருக்குது. லோகாக்கா, சுவிட்சைப் போடுங்க."

விசிறி சுழன்றது. விளக்கு எரிந்தது. பொட்டென்று அணைந்தது.

"ஆளே இல்லாத ஊட்ல சண்டை போட்டது யாருங்க?"

கூட்டம் ஆழ்ந்து சிந்தித்தது. கிருபாசங்கர்தான் முதலில் மீண்டான். "கைக்குப் போயும் அங்கிருந்தே சண்டை போடுது பாருங்க மாமா. வைஃபை!"

மதிவதனி வட்டை மேசையில் வைத்தாள். குனிந்து பெட்டியின் முகத்தைப் பார்த்தாள். முந்தின நாள் அப்புசாமி தம் கையாலேயே எல்லா இயந்திரத்துக்கும் சந்தனம் வைத்திருந்தார். லேத்துக்கு ஒரு பொட்டு. 'நம்ம கம்ப்யூட்டர்' என்பதால் இதற்கு மட்டும் ஒரு உருண்டை; அதையும் துவக்கும் பொத்தான்மேல் கட்டைவிரலால் நன்றாக அழுத்தி அப்பியிருந்தார். அது இடுக்கில் இறங்கிக் காய்ந்து, பொத்தான் உள்ளே போனது போனபடி நின்றுவிட்டது; அதனால்தான் சுவர் சுவிட்சைப் போட்டதுமே பெட்டி தானாக எழுந்தது. பொத்தானை விடாமல் அமுக்கினால் எந்தக் கம்ப்யூட்டரும் சில நொடியில் அணைந்துவிடும்.

அவள் திருப்புளியால் சுரண்டப் போனாள்.

"ஐயோ, தொடாத அம்மணி!" அப்புசாமி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "பூசைச் சந்தனம் அதுவா உதுரோணும். சொரண்டுனா வருசம் பூராத் தொழில் நடக்காது."

"இப்பவே நடக்கலீங்களே."

"அது வேற."

நேரமாகிக்கொண்டிருந்தது. மதிவதனி பல்லைக் கடித்துக்கொண்டு, அந்தப் பொத்தானிலிருந்து வந்த வயரை உள்ளே பிடுங்கிவிட்டு, பக்கத்திலிருந்த ரீசெட் பொத்தானின் வயரை அந்த இடத்தில் செருகினாள். வட்டை மாட்டி, பெட்டியைப் பழைய இடத்துக்கே கொண்டுபோய்த் திரையோடு இணைத்தாள். ரீசெட்டை அமுக்கினாள். பெட்டி எழுந்தது. எந்தக் குடித்தனம் வேண்டும் என்று திரை கேட்டது. லினக்ஸ் என்றாள்.

வியாபாரிகள் வந்தார்கள், பார்த்தார்கள், அசந்தார்கள். மறுநாள் வேறு இரண்டு பம்புகளையும் இதே மாதிரி சோதித்துக் காட்டினால் ஆர்டர் உறுதி என்று கை குலுக்கிப் போனார்கள்.

மாலையில் நன்றி நவிலும் கூட்டம். முதல் நன்றி அம்மனுக்கு. அடுத்தது, நெருக்கடியிலும் நிதானமாக 'ஆலோசனை' வழங்கிய கிருபாசங்கருக்கு. இனி சோதனைப் பிரிவின் தலைவர் அவன்தான். மதிவதனிக்கு மிச்சக் கடலைப்பொரி, பொட்டலமாக. எல்லோரும் கைதட்டினார்கள்.

"நம்ம கம்ப்யூட்டர் மானத்தைக் காப்பாத்திருச்சு!" என்றார் அப்புசாமி.

"ஏனுங்க" என்றாள் மதிவதனி, மரியாதை குறையாமல். "காத்தால இதை யாரு பொட்டின்னு சொன்னீங்க?"

"அது... ஒரு அவசரத்துல..."

"லோகாக்கா, நீங்களும் வாசிச்சீங்களே?"

"'பணியாளரின் வீட்டுத் தயாரிப்பு'ன்னுதான் வாசிச்சேன்" என்ற லோகப்பிரியா, சிரிப்பை மறைக்க ஒரு கைப்பிடி பொரியை வாயில் போட்டுக்கொண்டாள்.

மதிவதனி பெட்டியின் முகப்பிலிருந்து அந்தப் பொத்தானை மட்டும், சந்தனம் ஒரு துளிகூட உதிராமல், பதமாகக் கழற்றினாள். ஒரு வெற்றிலைமேல் வைத்து மேசை நடுவில் நகர்த்தினாள்.

"நீங்க பூசை பண்ணுனது இதுக்குத்தானுங்களே? வெச்சுக்குங்க. வாரேனுங்க." பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, உக்கடம் பஸ் பிடிக்கப் போய்விட்டாள்.

மறுநாள் வியாபாரிகள் வந்தபோது, புதிய தலைவர் அவர்களுக்கு அந்தப் பொத்தானைத்தான் காட்டினார் என்று கேள்வி. இன்றைக்கும் அது கம்பெனி வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள், வருடம் ஒருமுறை புதுச் சந்தனத்தோடு இருக்கிறது. எழுந்திருக்கப் பார்க்கிற எதையும் எழும்போதே அமுக்கிவிடும் ஆற்றலில் அதற்கு ஈடு இணையில்லை. ஈடாகச் சொல்ல வேண்டுமானால் அந்தக் கம்பெனியில் அப்புசாமி ஒருவர்தான் உண்டு. அவருக்கும் தினமும் சந்தனம் வைத்துக்கொள்ளும் பழக்கம் இருக்கிறது.